அக்கா குடித்த சிவப்பு எண்ணெய்

என் அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. மலாயாவில், லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மாவும் அப்பாவும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவள் அக்காதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அக்காவும் மச்சானும் பால் மரம் வெட்டினார்கள், ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. நான் வளர்ந்ததும் அவர்களோடு போனேன். அக்கா அப்போது நல்ல பருமன். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் மேட்டில் ஏறி வந்தால் கணக்கு எழுதும் கிராணிகூட ஒதுங்கி வழிவிடுவார்.

திடீரென்று அவளுக்குத் தாகம் அடங்காமல் போயிற்று. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி ஒதுங்கப் போனாள். அவள் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை நான்தான் முதலில் பார்த்துச் சொன்னேன். மச்சான் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரெசர்தான் எங்களுக்கு டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை கசங்காமல் நடப்பவர். அவர் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, இது இனிப்பு நீர். சீனியை விடுங்கோ. சோற்றைக் குறையுங்கோ. எண்ணெய், தேங்காய்ப்பால், பொரியல், எல்லாத்தையும் பாதியாக்குங்கோ. உங்கட உடம்பு மெலிய வேணும்."

அக்கா சீனியை விட்டாள். சோற்றையும் ஓரளவு குறைத்தாள். ஆனால் நல்லெண்ணெயில் மீன் பொரிப்பதை மட்டும் விடவில்லை. மச்சான் கேட்டால், "டிரெசர் ஐயா வந்து என் சட்டிய எட்டிப் பாக்கப் போறாரா?" என்பாள். அவள் சுபாவம் அது. ஒன்றைச் செய்யாதே என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். பதில் அவளுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் செய்வாள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். எங்களை அப்படியே விட்டுப் போனார். கொஞ்ச நாளில் அரிசி அளவு குறைந்தது. அதற்குப் பிறகு வந்த அரிசியில் சுண்ணாம்பு வாடை அடித்தது. அப்புறம் அதுவும் வருவது நின்று, ரப்பர் மரங்களுக்கு நடுவே மரவள்ளி நடச் சொன்னார்கள். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, இருட்டுமுன் கிழங்கு. இந்தியாவிலிருந்து கப்பல் இல்லாததால் நல்லெண்ணெய் கடையில் காணாமல் போயிற்று. தேங்காய் எண்ணெயை டிப்போவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. இயந்திரத்துக்கு ஊற்றவும் விளக்கு எரிக்கவும் எண்ணெய் வேண்டுமாம்.

இந்த உத்தரவுகளையெல்லாம் எங்களிடம் கொண்டுவந்தவன் ஜப்பான்காரன் இல்லை. எங்களை வேலை வாங்கும் கங்காணி, எங்களில் ஒருவனான மண்டோர்தான். முன்பு கையைக் கட்டிக்கொண்டு துரை முன்னால் நின்றவன், இப்போது கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் முன்னால் நின்றான். சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டபோது, வீட்டுக்கு ஒருவர் என்று அவன்தான் பெயர் கொடுத்தான். அவனுடைய தம்பி பெயரைக் கொடுக்கவில்லை. எங்கள் மச்சான் பெயரைக் கொடுத்தான்.

லாரி புறப்படும்போது அக்கா அழவில்லை. மண்டோர் பக்கத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நீ கொண்டுபோற, நீதான் கொண்டாந்து விடணும்" என்றாள். அவன் வேறு பக்கம் பார்த்தான். மச்சான் திரும்பி வரவில்லை. அவரோடு போனவர்களில் வந்தது ரொம்பக் கொஞ்சம் பேர். அவர் எங்கே விழுந்தார் என்று வந்தவர்களுக்கும் தெரியவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான் மிஞ்சினோம். கிழங்கு அவள் உடம்பைத் தின்னத் தொடங்கியது. அதிகமாகச் சாப்பிடச் சாப்பிட அதிகமாக மெலிந்தாள். தாகம் திரும்பி வந்தது. முகத்தில் எலும்பு தெரிந்தது. ரவிக்கையை நான் இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். முழங்காலுக்குக் கீழே மரக் கட்டை குத்திய புண் ஒன்று ஆறாமல் நீர் வடிந்துகொண்டே இருந்தது. இதெல்லாம் போதாதென்று, பொழுது சாயத் தொடங்கினால் அவளுக்குக் கண் மங்கியது. பால் வெட்டும் தீம்பாரிலிருந்து திரும்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேரில் கால் இடறினால் வேரைத் திட்டினாள்.

லயத்துப் பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாருடைய பேச்சிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது: இனிப்பு நீர்க்காரிக்கு எண்ணெய் விஷம். எங்கிருந்தோ ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கிடைத்தால்கூட அவளுக்குக் கொடுக்காதே என்று என்னிடம் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நல்ல மனசோடு சொன்னவர்கள்தான்.

அக்காவை டிரெசரிடம் கூட்டிப் போனேன். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் இருந்தன, மருந்து அலமாரி இருந்தது, அலமாரிக்குள் ஒன்றும் இல்லை. இனிப்பு நீருக்குப் போடும் ஊசி மருந்து சிரம்பானிலேயே இல்லை என்றார். காலைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"ஜப்பான்காரன் குடுக்கறதத்தான்," என்றாள் அக்கா. "கெழங்கு."

"எவ்வளவு?"

"வயிறு நெறையற மட்டும். அது நெறையவே மாட்டேங்குதே."

டிரெசர் அலமாரியைச் சாத்தினார். "கிழங்கு உள்ள போனா முழுக்கச் சீனிதான், பிள்ளை. அதைக் குறைக்க வேணும். குறைச்ச இடத்தில கீரை போடுங்கோ, ஆத்து மீன் கிடைச்சாப் போடுங்கோ. அதோட ரெண்டு கரண்டி எண்ணெய் சேருங்கோ."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்கு எண்ணெய பாதியாக்குன்னு சொன்ன வாய்தானே ஐயா இது?"

"அண்டைக்கு நீங்கள் பீப்பாய் மாதிரி இருந்தனீங்கள். இண்டைக்கு விறகுக் கட்டை. ரெண்டு உடம்புக்கும் ஒரே பேச்சுச் சரிவருமே? எண்ணெயில சீனி இல்லை. கொஞ்சம் சேர்ந்தாப் பசி அடங்கும். பசி அடங்கினாக் கிழங்குக்குக் கை போகாது. உடம்பிலயும் கொஞ்சம் ஒட்டும்." பிறகு அவள் கண்ணை இன்னொரு தடவை பார்த்தார். "சாவிட் மரத்துச் சிவப்பெண்ணெய் கிடைச்சா இன்னும் நல்லது. மாலைக்கண்ணுக்கு அது ஆகும். முந்தி மீனெண்ணெய் குடுப்பம். இப்ப அது எங்க?"

"நிச்சயமா ஆகுமா?"

"கண்ணுக்கு ஆகும். சீனிக்கு அது மருந்து எண்டு நான் சொல்லேல்லை. சீனிக்கு மருந்து கிழங்கைக் குறைக்கிறதுதான். நான் டாக்குத்தர் இல்லை. கொஞ்சம் படிச்சன், கொஞ்சம் வார்ட்டில கண்டன். அவ்வளவுதான்."

அவர் அப்படிச் சொன்னதுதான் அக்காவுக்குப் பிடித்தது. வரும் வழியில், "தெரியாதத தெரியாதுன்னு சொல்ற ஆளு. கேக்கலாம்" என்றாள்.

சிவப்பெண்ணெய்க்கு நாங்கள் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் செம்பனை, டிரெசர் சொன்ன சாவிட். துரைமார் ஓடியபின் ஆலையும் நின்று, பழக் குலைகள் மரத்தடியில் விழுந்து அழுகிக் கிடந்தன. எலி தின்றது, எலியைத் தின்னப் பாம்பு வந்தது. மனிதர் மட்டும் எடுக்கக் கூடாது. அதுவும் உத்தரவு. மறுபடி ஆலையை ஓட்டப் போகிறார்களாம், அதுவரை பழம் அப்படியே கிடக்க வேண்டுமாம்.

"எலிக்கு உத்தரவு இல்ல, எனக்கு மட்டும் உத்தரவா?" என்று அக்கா கோணியை எடுத்தாள்.

வேலை முடிந்த கையோடு, வெயில் இருக்கும்போதே போனோம். குலையில் முள் இருக்கும். உரலுக்கு வருமுன் கையெல்லாம் கீறிவிடும். பழத்தை உதிர்த்து, வேகவைத்து, உரலில் இடித்து, வெந்நீர் விட்டுப் பிசைந்தால் சிவப்பாக எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துத் தண்ணீர் வற்றக் காய்ச்ச வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் தடவை தீய்ந்துபோயிற்று. இரண்டாம் தடவை ஒரு செம்பு தேறியது. கெட்டியாக, குங்குமக் குழம்பு மாதிரி. வாடை எனக்குப் பிடிக்கவில்லை. தொட்ட துணியெல்லாம் மஞ்சளாகி, எத்தனை துவைத்தாலும் போகவில்லை.

மரவள்ளி இலையை வேகவைத்து, மிளகாய் கிள்ளிப் போட்டு, இரண்டு கரண்டி அந்த எண்ணெய் விட்டு அக்காவுக்கு வைத்தேன். ஆற்று மீன் கிடைத்த நாளில் மீனும் உண்டு. கிழங்கு உள்ளங்கை அளவு ஒரு துண்டு. முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்க" என்றாள். தின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று, "உன் அக்காவ நீயே கொல்லப் போற" என்று என்னிடம் சொன்னாள். அக்கா உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "கெழங்கு கொல்றத நீங்க எல்லாம் சும்மாதானே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

சில வாரங்களில் முதலில் மாறியது கண். ஒரு நாள் பொழுது சாய்ந்து வரும்போது என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்தாள்.   தாகமும் குறைந்தது. புண்ணில் நீர் வடிவது நின்று, ஓரத்தில் தோல் கூடியது. அவளைத் திட்டிய பக்கத்து வீட்டுப் பெண்ணே தன் மகனுக்குக் கண் மங்குகிறது என்று ஒரு கரண்டி கேட்டு வந்தாள். அக்கா கொடுத்தாள், கூடவே இரண்டு வார்த்தையும் கொடுத்தாள்.

எல்லாம் நேராகப் போகவில்லை. எண்ணெய் கையில் இருக்கிறதே என்று அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. கிழங்கைத் துருவி, வடையாகத் தட்டி, அந்த எண்ணெயில் பொரித்தாள். மொறுமொறுவென்று இருந்தது. பொரித்த எண்ணெயைக் கொட்ட மனம் வராமல், கறுத்துப்போன பிறகும் அதிலேயே மறுபடி மறுபடி பொரித்தாள். டிரெசர் எண்ணெய் சாப்பிடத்தானே சொன்னார் என்று எனக்கே நியாயம் சொன்னாள். கொஞ்ச நாளில் எறும்பு திரும்ப வந்தது. வாய் வறண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டிரெசருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"நான் கிழங்குக்குப் பதிலா எண்ணெய் எண்டு சொன்னன். கிழங்கோட எண்ணெய் எண்டு சொல்லேல்லை. எண்ணெயில முக்கினாக் கிழங்கு கீரையா மாறிடுமே? கறுத்த எண்ணெயை மனுசர் தின்னுறதே?"

"வாய்க்கு ருசியா ஒண்ணுதான் ஐயா கெடச்சுச்சு."

"தெரியும்," என்றார் அவர், குரல் இறங்கி. "எனக்கும் அதே கிழங்குதான்."

வடை நின்றது. முணுமுணுத்துக்கொண்டேதான் நிறுத்தினாள், ஆனால் நிறுத்தினாள்.

மண்டோர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு. மத்தியான நேரம். இரண்டு ஆட்களோடு வந்தான். லயத்தில் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது எங்கள் துணியின் மஞ்சளே சொல்லியிருக்கும். அடுப்பங்கரையில் எண்ணெய்ச் செம்பு மூடிகூட இல்லாமல் இருந்தது. அக்கா எதையும் ஒளிக்கிறவள் இல்லை.

"இது எங்கேருந்து வந்திச்சு?" என்றான் மண்டோர்.

"மரத்துலேருந்து."

"எல்லா எண்ணெயும் டிப்போவுக்குப் போவணும்னு தெரியும்லா? மெஷினுக்கு வேணும்."

"இது மெஷினுக்குக் காச்சல. எனக்குக் காச்சினது. எனக்கு வியாதி."

"வியாதின்னா சாவு. எண்ணெயக் குடு."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டுச் செம்பை எடுத்தாள். கொடுக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். மண்டோரும் கையை நீட்டினான். அக்கா செம்பை வாயில் வைத்துக் கவிழ்த்தாள். பாதி உறைந்திருந்த எண்ணெய் கட்டி கட்டியாக இறங்கியது. தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, ரவிக்கை சிவந்தது. செம்பின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, அவன் நீட்டிய கையிலேயே வைத்தாள்.

"மிச்சத்தக் கொண்டு போயி மெஷினுக்கு ஊத்து. உள்ள போனது வேணும்னா வயித்தக் கிழிச்சு எடுத்துக்க. எம் புருசனக் கொண்டுபோன. இத விட மாட்டேன்."

மண்டோர் அவளை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். கூட வந்தவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மூவரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், எல்லாரும் வேலைக்கு வரிசை நிற்கும் இடத்தில், ஜப்பான் அதிகாரி அக்காவை வெளியே இழுத்து நிறுத்தினான். காலில் செருப்பு இல்லாமல், மண்டோர் கொண்டுபோய்க் கொடுத்த வெறும் செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். எங்களை மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். நான் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு ஓடி வந்தேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.  தரை செங்கல் சூளை மாதிரி. முந்தின நாள் குடித்த எண்ணெய் வயிற்றைக் கலக்கி, அந்தக் களத்தின் நடுவில் அவளுக்கு நேர்ந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளே பிற்பாடு லயம் முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவள் சொன்னால்தான் அது சரியாக இருக்கும்.

டிரெசர் வந்தார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. வெள்ளைச் சட்டையோடு நேரே அதிகாரியிடம் போய், அவளைக் காட்டி, அவள் காலைக் காட்டி, ஆஸ்பத்திரியைக் காட்டி, மலாயிலும் கையாலும் பேசினார். அதிகாரி அவர் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி தெறித்து விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசத் தொடங்கினார். இன்னொரு அறை. மறுபடியும் பேசினார். கடைசியில் அதிகாரிக்கே சலித்துப்போய்க் கையை வீசிவிட்டு நடந்தான். நானும் டிரெசரும் அக்காவை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோனோம்.

உள்ளங்காலில் கொப்புளம் எழும்பி உடைந்தது. இனிப்பு நீர் உடம்பு. எண்ணெயும் கீரையும் அதற்குமேல் என்ன செய்யும்? இடது காலில் இரண்டு விரல் கறுத்தது. டிரெசர் உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் நேராகச் சொன்னார், "விரலை எடுக்க வேணும். மயக்க மருந்து இல்லை." அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த தழும்பு எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அவள் படுத்திருந்தபோது ஆற்றங்கரையில் இருக்கும் மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மரவள்ளி இலை பறிக்கப் போகும் வழியில் எங்களுக்குப் பழக்கம். மக்சிக் என்று, அவர்கள் பாஷையில் அத்தை என்று கூப்பிடுவோம். களத்தில் நடந்தது கம்பம் வரை போயிருந்தது. சேலை மடிப்பு மாதிரி சுருட்டிய சாரோங்குக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்து என் கையில் வைத்தாள். தேங்காய் எண்ணெய். அவள் வீட்டில் காய்ச்சியது.

"அம்பில், அம்பில்," என்றாள். எடுத்துக்கொள், எடுத்துக்கொள். அவளுக்கும் அந்த உத்தரவு உண்டு.

அதன் பிறகு லயத்துப் பெண்களும், லயத்தில் வாடை வராதபடி, மக்சிக் வீட்டுப் பின்புறத்தில் பழம் இடித்தார்கள். எண்ணெய் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். மண்டோருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவன் திரும்ப எங்கள் வாசலுக்கு வரவில்லை. ஜப்பான்காரன் சரணடைந்த செய்தி வந்த வாரம், அவன் குடும்பத்தோடு காணாமல் போனான்.

அக்கா இரண்டு விரல் இல்லாத காலோடு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். மறுபடி ஊசி மருந்து கிடைத்தது, அரிசி கிடைத்தது, உடம்பும் கொஞ்சம் பருத்தது. உடம்பு பருத்ததும் டிரெசர் எண்ணெயை மறுபடி குறைக்கச் சொன்னார். "இந்த மனுசன் பேச்ச மாத்திக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே குறைத்தாள். எனக்கும் பிற்பாடு இனிப்பு நீர் வந்தது. சிரம்பானில் என்னைப் பார்க்கும் டாக்டர் அம்மா எந்த எண்ணெய், எத்தனை கரண்டி என்று சொல்கிறார். செம்பனையும் தேங்காயும் எனக்கு இந்த வயதில் குறைவாகத்தான் ஆகுமாம். சொன்னபடி கேட்கிறேன். என் தட்டில் சோறு இருக்கிறது, மீன் இருக்கிறது, நான் கேட்கலாம்.

அக்கா போனது மாரடைப்பில். துக்கத்துக்கு வந்த இடத்தில், பட்டணத்திலிருந்து வந்த ஒரு சொந்தக்காரர், படித்தவர், சட்டையை மடித்து விட்டுக்கொண்டு சொன்னார்: "அந்தக் காலத்துல செம்பு செம்பா எண்ணெய் குடிச்சாங்கல்ல, அதான் இதயத்துல உக்காந்திருச்சு. இனிப்பு நீர்க்காரங்க எண்ணெயத் தொடவே கூடாது."

அக்கா நடுவீட்டில் கிடந்தாள். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"அவளுக்கு அறுபது வயசுக்கு மேல ஆச்சு. அந்த எண்ணெய் இல்லாட்டி நாப்பதுலயே போயிருப்பா, உங்களுக்கு இன்னைக்கு வர்றதுக்கு இந்தத் துக்க வீடே இருந்திருக்காது. காப்பி ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார்.